ரோசம்மா சாகவில்லை

மோர்லண்ட் தோட்டம், மேற்பிரிவு,
நானுஓயா.
05.01.2025

அன்புள்ள மேர்வின் அண்ணாவுக்கு,

வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். ஃபேஸ்புக்கிலும் தடுத்துவிட்டீர்கள். தபால்காரரைத் தடுக்க உங்களால் முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் மன்னிப்பு. உங்கள் படக்கதைப் பக்கத்தில் போய் "ரோசம்மா சாகவில்லை" என்று எல்லாரும் பார்க்க எழுதியது தப்புத்தான். உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குக் கீழே நூற்றுப்பத்துப் பேர் வந்து "எங்களுக்கும் அப்படித்தான் தோணுது" என்று எழுதினார்களே, அதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அது உங்கள் வாசகர்கள் பார்த்த வேலை.

இரண்டாவது, விஷயம். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை லீவுக்கு வந்திருந்தபோது எங்கள் அடுப்படியில் கட்லட் தின்றுகொண்டே நீங்கள்தான் சொன்னீர்கள். ஜப்பான் படக்கதைகளில் 'கைடென்' என்று ஒன்று உண்டாம். பெரிய கதையில் ஓரமாய் வந்துபோன ஓர் ஆளைப் பிடித்து, அவருக்கென்று தனியாய் ஒரு கதை எழுதுவார்களாம். அதே உலகம், அதே நாட்கள், ஆனால் பெரிய கதைக்கு வெளியே. அதைக் கேட்ட அம்மா என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "அப்ப நம்ம லயத்து வீட்டு வரிசையில கடைசிக் காம்பரா மாதிரி. லயத்தோடதான் ஒட்டியிருக்கு, ஆனா அதுக்கு மட்டும் சொந்தமா ஒரு பக்கத்துச் சுவரு இருக்கு. ஜன்னல் வச்சுக்கலாம்." நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. உங்கள் 'சிகரன்' புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மலைக்கு மலை தாவுகிற உங்கள் வீரனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் கவலை நான்காம் அத்தியாயத்து ரோசம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கிற இடத்தில் குளவி கலைகிறது, மற்றப் பெண்களை ஓடச் சொல்லிக் கத்துகிறாள், செத்துப்போகிறாள். சிகரன் அவள் கூடைக்கு முன்னால் நின்று சபதம் எடுக்கிறான். அவ்வளவுதான் அவள் பங்கு. முகம் மட்டும் அச்சாக என் அம்மாவின் முகம், உங்கள் பவுலின் சித்தியின் முகம். அந்தப் பக்கத்தை முதன்முதலில் பார்த்துவிட்டு அம்மா, "எம்மூஞ்சிய வரஞ்சிருக்கான். வரஞ்சிட்டு என்னையக் கொன்னுட்டான். நான் இவனுக்கு என்னா செஞ்சேன்?" என்றார்.

ரோசம்மாவின் கதையை நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். அவள் உயிரோடு இருக்கிற கதை. போட்டோ பிரதி இதனுடன் இருக்கிறது. நீங்கள் வரைய வேண்டும். உங்கள் புத்தகத்தை அச்சடித்த நுவரெலியா இம்தியாஸ் நானாவிடம் பேசினேன். "மேர்வின் தம்பி சம்மதம்னு ஒரு கடதாசியில கையெழுத்து வச்சுத் தந்தா ஏப்ரல் சீசனுக்கு அடிச்சுத் தாறேன். இல்லாட்டி ஏலா மகள்" என்றார். ஆகவே எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தங்கச்சி,
டிலுக்ஷி

*

வெள்ளவத்தை,
கொழும்பு.
14.01.2025

டிலுக்ஷி,

உன் கதையை வாசித்தேன். நன்றாக இருக்கிறது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கைடென் பற்றி நான் சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கியிருக்கிறாய். மற்றப் பாதியையும் கேள். மூலக்கதையில் நடந்து முடிந்ததை அது மாற்றக் கூடாது. ரோசம்மாவின் சின்ன வயதை எழுது. கல்யாணத்தை எழுது. சாவதற்கு முதல் நாள் என்ன சமைத்தாள் என்று எழுது, நான் சந்தோஷமாக வரைந்து தருகிறேன். செத்தவளை எழுப்பாதே.

உனக்கு இது விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. விளம்பரக் கம்பனியில் பகல் முழுக்கப் பிஸ்கட் பெட்டி வரைந்துவிட்டு, மிச்ச நேரத்தில் மூன்று வருஷம் எடுத்து அந்தப் புத்தகத்தைச் செய்தேன். சிகரன் அந்தச் சபதத்தின்மேல்தான் நிற்கிறான். இரண்டாம் புத்தகமும் அதன்மேல்தான் நிற்கப்போகிறது. ரோசம்மா எழுந்து வந்தால் என் வீரன் முட்டாளாகிவிடுவான், அவனை உண்டாக்கிய நானும்தான்.

வேண்டுமானால் ஒன்று செய். அவள் சாகவில்லை என்பதற்கு என் புத்தகத்திலேயே, நான் வரைந்த படத்திலேயே ஓர் ஆதாரம் காட்டு. காட்டினால் கையெழுத்து வைக்கிறேன். காட்ட முடியாது.

மேர்வின்

*

மோர்லண்ட் தோட்டம்
22.01.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாற்பத்தோராம் பக்கம். புத்தகத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நீங்கள் வரைந்திருப்பது கவிழ்ந்த கூடை, சிதறிய கொழுந்து, ஒற்றைச் செருப்பு. (எங்கள் மலையில் இப்போது கூடை இல்லை, எல்லாரும் சாக்குத்தான். படத்துக்குக் கூடை அழகு என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.) உடம்பை நீங்கள் வரையவில்லை. சரி, வாசகர்கள் பயப்படக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். இனி முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போங்கள். ரோசம்மா நிரையில் நின்று பறிக்கிறாள். இடுப்பில் படங்கு கட்டியிருக்கிறாள். மழை ஈரமும் செடிக் குச்சியும் உடுப்பில் படாமல் இருக்கச் சுற்றுகிற அந்தத் தடித்த துணி. பச்சை நிறம், கீழே ஒரு கிழிசல்கூடப் போட்டிருக்கிறீர்கள். திரும்ப நாற்பத்தொன்றுக்கு வாருங்கள். கூடை கிடக்கிறது, செருப்பு கிடக்கிறது. படங்கு எங்கே?

மறந்துபோனேன் என்பீர்கள். தெரியும். ஆனால் குளவி கலைந்தால் எங்கள் மலையில் யாரும் நின்று கையை வீசிக்கொண்டிருப்பதில்லை அண்ணா. அப்படிச் செய்தால் எல்லாக் குளவியும் அந்த ஆளிடம்தான் வரும். தலையிலிருந்து பாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, தேயிலைச் செடிக்கு அடியில் நுழைந்து ஆடாமல் கிடப்பார்கள். அம்மா இரண்டு தரம் அப்படிக் கிடந்து பிழைத்திருக்கிறார்.

என் பேச்சை நம்ப வேண்டாம். நேற்றுத் தேத்தண்ணி நேரத்தில் மலையில் ஏழு பேரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன், கதையைச் சொல்லாமல். நாகலெட்சுமி அக்கா ஒரு பார்வைதான் பார்த்தார். "கூட கெடக்கு, படங்கக் காணோம். அப்ப ஆளு செடிக்குள்ள இருக்கு. இதுகூடத் தெரியாதா வரஞ்சவருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஐம்பதாம் பக்கத்தையும் பாருங்கள். ஆறு பெண்கள் பத்திரமாய் ஆற்றோரம் நிற்கிறார்கள். சிகரன் அப்போது உச்சியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். அவர்களை யார் கொண்டுவந்து சேர்த்தது? நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கிறேன். உங்கள் கதையில் ஒரு கோட்டைக்கூட நான் அழிக்கவில்லை. சிகரன் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவன் சபதம் எடுத்தபோது அவன் கால்மாட்டில் இருந்த செடிக்கு அடியில்தான் அவள் கிடந்தாள்.

கையெழுத்தை எப்போது அனுப்புவீர்கள்?

டிலுக்ஷி

*

வெள்ளவத்தை
01.02.2025

டிலுக்ஷி,

என்னைக் கேலி செய்ய ஏழு பேரைக் கூட்டினாயா?

இங்கே ஒபீஸில் நான் வாயைத் திறந்தால் "தோட்டத்துப் பேச்சு" என்று சிரிக்கிறார்கள். அங்கே நீங்கள் "இதுகூடத் தெரியாதா" என்று சிரிக்கிறீர்கள். அப்பா தொழிற்சாலை லொறி ஓட்டினார். நான் ஒருநாளும் மலையேறவில்லை, கொழுந்து பறிக்கவில்லை. அது என் குற்றமா? எனக்குத் தெரிந்த தோட்டத்தை நான் வரைந்தேன். அதைப் பார்த்து எத்தனையோ பேர் நன்றாயிருக்கிறது என்றார்கள். என் சொந்த வீட்டில்தான் பிழை பிடிக்கிறார்கள்.

கையெழுத்து தரமாட்டேன். இனி எழுதாதே.

மேர்வின்

*

மோர்லண்ட் தோட்டம்
10.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். அம்மா எழுதச் சொல்கிறார். ஆகவே இது பவுலின் சித்தியின் கடிதம், கை மட்டும் என்னுடையது. ஆனால் அதற்கு முன் என் பங்குக்கு ஒரு வரி. மலையில் எல்லாரையும் கூட்டிவைத்துக் காட்டியது கெட்ட வேலை. வென்றுவிட வேண்டும் என்ற வெறியில் உங்களை நினைக்கவில்லை. இரண்டு நாளாக அதை நினைத்து அழுதேன். இனி அம்மா.

"மேர்வினு, சித்தி பேசுறேன். நீ மலைக்கு வரலன்னா அதுக்குக் காரணம் நான்தான். உங்கம்மா குவைத்துக்குப் போறப்ப உன்னைய எங்கிட்ட விட்டுட்டு, 'இவன் கொழுந்து மலைப்பக்கம் போகக் கூடாது, படிக்கணும்'னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனா. லீவு நாள்லகூட நான் உன்னைய விடல. நீ பின்னாலேயே ஓடி வருவே, நான் தொரத்துவேன். அதனாலதான் உனக்குத் தெரியல. தெரியாதது தப்பில்ல. தெரிஞ்சவ சொல்றப்ப காதப் பொத்திக்கிறதுதான் தப்பு.

"எம்மூஞ்சிய வரஞ்சதுக்கு எனக்குக் கோவமே இல்ல. நல்லாத்தான் வரஞ்சிருக்கே, அந்த ஒடஞ்ச பல்லக்கூட விடல. கொன்னதுக்குத்தான் கோவம். எனக்கு இன்னும் எவ்வளவோ வேல கெடக்கு. உன்னோட வீரன் பெரிய ஆளா இருக்கட்டும். அதுக்கு நான் எதுக்குச் சாகணும்? இப்பப் படம் அனுப்புறேன். நல்லாப் பாரு. பாத்துட்டு அப்பறம் கோவிச்சுக்க."

படம் இதுதான் அண்ணா. நேற்று ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு, படங்கைக் கட்டிக்கொண்டு, என்னை மலைக்கு இழுத்துக்கொண்டு போனார். சாக்கை எப்படிக் கழற்றுவது, முடிச்சை எந்தக் கையால் இழுப்பது, முழங்காலை எப்படி மடக்கி உள்ளே போவது என்று ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினார். ஒன்பது படம் எடுத்தேன். பன்னிரண்டு செக்கனில் ஐம்பத்திரண்டு வயது மனுஷி மறைந்தே போனார். படத்தை அச்செடுக்க நானுஓயாவில் என்னிடம் படித்த அஃப்னாவின் கடைக்குப் போனேன். ஒன்பதாவது படத்தைப் பார்த்துவிட்டு அவள், "இதுல ஆருமே இல்லையே டீச்சர், வெறும் தேயிலைதானே. இதையும் ப்ரிண்ட் பண்ணவா?" என்று கேட்டாள்.

பண்ணச் சொன்னேன்.

டிலுக்ஷி

*

வெள்ளவத்தை
26.02.2025

அன்பு டிலுக்ஷிக்கு,

ஒன்பதாவது படத்தை அரைமணி நேரம் பார்த்தேன். சித்தி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாவதில் அவர் எங்கே நின்றார் என்று தெரிந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் இடது பக்கத்துச் செடிக்குக் கீழே ஒரு பெருவிரல் நுனி கண்ணில் பட்டது. அறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், சித்திக்கு வாசித்துக் காட்டு. அந்தக் காட்சியில் வாசகன் கலங்க வேண்டும் என்று நினைத்தேன். யார் செத்தால் நான் கலங்குவேன் என்று யோசித்தேன். அம்மா குவைத்தில் இருந்த ஆறு வருஷமும் எனக்குச் சோறு போட்டுத் தலைவாரிவிட்ட முகம் ஒன்றுதான் கையில் வந்தது. அழவைக்க எனக்கு வேறு முகம் தெரியவில்லை. அது அன்பு என்றுதான் நினைத்தேன். கொன்றுபோட்டதை அன்பு என்று நினைத்திருக்கிறேன் பார். அவரிடம் கேட்கக்கூட இல்லை.

சிகரன் முட்டாளாகட்டும். குனிந்து பார்க்காதவன் முட்டாள்தான். இரண்டாம் புத்தகத்தை அவன் இந்த வெட்கத்தோடு ஆரம்பிக்கட்டும், அது சபதத்தைவிட நன்றாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கையெழுத்து வைத்த கடதாசி இதனுடன் இருக்கிறது. முதல் பதினாறு பக்கமும் இருக்கிறது. பத்து நாள் ஒழுங்காகத் தூங்கவில்லை. பிழை இருந்தால் எழுது. கேலி செய்தாலும் பரவாயில்லை, தபாலில் மட்டும் செய். வட்ஸ்அப்பைத் திறந்துவிட்டேன். ஆனாலும் நீ கடிதமே எழுது. உன் கடிதம் வந்தால் இப்போது கீழ்வீட்டு ஐயாகூட "தங்கச்சி என்னா சொல்லுது?" என்று கேட்கிறார்.

அண்ணன்,
மேர்வின்

*

மோர்லண்ட் தோட்டம்
08.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதினாறு பக்கத்தையும் அம்மா மேசையில் பரப்பிவைத்தார். யாரையும் தொடவிடவில்லை. செடிக்கு அடியிலிருந்து பார்க்கிற பக்கம் இருக்கிறதே, மேலே வேரும் இலையும், அந்த இடுக்கு வழியாக வெளிச்சம், தூரத்தில் பெண்களின் கால்கள் மட்டும். அதைப் பார்த்துவிட்டு அம்மா "இப்பிடித்தான் இருக்கும், இப்பிடியேதான் இருக்கும்" என்று நாலைந்து தரம் சொன்னார். மலைக்கு வராதவர் எப்படி வரைந்தார் என்று அவருக்கு இன்னும் ஆச்சரியம்.

பிழை ஒன்றுதான். ஒன்பதாம் பக்கத்தில் ரோசம்மா அழுகிறாள். நான் அழ எழுதவில்லை. அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எந்தப் பெண்ணின் குரல் எந்தப் பக்கம் கேட்கிறது, யார் இன்னும் ஓடுகிறாள், யார் செடிக்குள் போய்விட்டாள் என்று. அதற்குப் பிறகுதான் நிரை நிரையாய் ஊர்ந்துபோய் ஆறு பேரையும் ஒவ்வொருவராய்ச் சேர்க்கப்போகிறாள். அழுதால் எப்படிக் கேட்கும்? கண்ணீரை மட்டும் எடுத்துவிடுங்கள். முகம் அப்படியே இருக்கட்டும்.

அண்ணா, எனக்கு இப்போது வேறு பயம். இவ்வளவு நாளும் உங்களோடு சண்டை பிடித்ததில் நேரம் போய்விட்டது. இப்போது உண்மையாகவே புத்தகம் வரப்போகிறது. யாராவது வாங்குவார்களா? இம்தியாஸ் நானா ஐந்நூறு பிரதி என்கிறார். பேருக்கு ஐம்பது போதும் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க எழுதுங்க மகள், வித்துக் குடுக்கிறது என்னோட வேல" என்று சொல்லிவிட்டார்.

டிலுக்ஷி

*

வெள்ளவத்தை
12.04.2025

அன்பு டிலுக்ஷிக்கு,

கண்ணீரை எடுத்துவிட்டேன். நீ சொன்னது சரி. அந்த முகம் இப்போது என்னையே பயமுறுத்துகிறது. அறுபத்துநாலு பக்கமும் நானாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அட்டையில் கதை உன் பெயர், சித்திரம் என் பெயர். அந்த வரிசையில்தான் போடச் சொன்னேன்.

இருபத்தாறாம் திகதி நானாவின் சீசன் கடையில் புத்தகத்தை வைக்கிறபோது என்னால் வர முடியாது. சீசன் விளம்பர வேலை குவிந்து கிடக்கிறது, லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கடைப் பக்கம் நடந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. நல்லதையும் எழுது, ஒன்றும் விற்காவிட்டால் அதையும் எழுது.

மேர்வின்

*

மோர்லண்ட் தோட்டம்
27.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஐந்நூறும் போய்விட்டது! ஐந்நூறும்! தொலைபேசியில் சொல்லாமல் நேற்று முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், இதை எழுதிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே.

ஒழுங்காகச் சொல்கிறேன். நுவரெலியாவில் சீசன் சனம், நடக்க வழியில்லை. நானாவின் புத்தகக் கடை ஒரு கூடாரத்தில், ஒரு பக்கம் ஸ்ட்ரோபெரி, மறுபக்கம் குதிரைச் சவாரி. காலை பத்து மணி வரைக்கும் பதினொரு பிரதி. அதில் மூன்றை வாங்கியது எங்கள் பாடசாலை டீச்சர்மார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு நம் தோட்டத்து வேன் வந்தது. நாகலெட்சுமி அக்கா முன்னால், அவருக்குப் பின்னால் இருபது பெண்கள், எல்லாரும் திருவிழாச் சேலையில். கடைக்கு முன்னாலேயே நின்று அக்கா ஒரு பிரதியை விரித்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். உங்களுக்குத்தான் அவர் குரல் தெரியுமே. மலையில் அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடியில் கேட்கும். குதிரைக்கு வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. கந்தப்பளையிலிருந்து வந்த ஒரு பஸ் சனம் நின்றுவிட்டது. ஒரு சிங்களக் குடும்பம்கூட நின்று, பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் அர்த்தம் விசாரித்து விசாரித்துக் கேட்டது.

சிகரன் கூடையைப் பார்த்துச் சபதம் எடுக்கிற இடம் வந்தது. அக்கா வாசிப்பை நிறுத்திவிட்டு, "கீழ பாருய்யா! காலுக்குக் கீழ பாரு!" என்று படத்தைப் பார்த்துக் கத்தினார். கூட்டத்தில் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்து கத்தினார்கள், "கீழ பாரு! கீழ பாரு!" என்று. வேறு வேறு தோட்டத்து, முன்பின் தெரியாத பெண்கள், அண்ணா. எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த பக்கத்தில் ரோசம்மா கண்ணைத் திறந்தபோது எழுந்த கைதட்டலில் குதிரை மிரண்டு இரண்டடி பின்னால் போனது.

அதற்குப் பிறகு என்னால் தலை நிமிர முடியவில்லை, கையெழுத்துப் போட்டுப் போட்டு. யாரோ அம்மாவையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "இவங்கதான்!" என்றார்கள். அவ்வளவுதான், வரிசை அம்மா பக்கம் திரும்பிவிட்டது. பவுலின் என்று போடட்டுமா, ரோசம்மா என்று போடட்டுமா என்று அம்மா என்னைக் கேட்டார். நான் சொல்லுமுன்பே ரோசம்மா என்று போட ஆரம்பித்துவிட்டார். இரண்டரை மணிக்கு நானா கடைசிப் பிரதியைத் தூக்கிக் காட்டி, "இது எனக்கு, ஆருக்கும் தரமாட்டேன்" என்றார். இன்னும் ஆயிரம் அடிக்கப்போகிறாராம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கானது. பிரதி எல்லாம் முடிந்த பிறகு வலப்பனையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், பத்து வயது இருக்கும். அக்கா வாசித்ததை முழுவதும் நின்று கேட்டிருக்கிறாள். கிடைக்கவில்லையே என்று அழுகிற மாதிரி முகம். ஆறுதலாய் ஏதாவது சொல்லலாம் என்று, கதையில் யாரை ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன். "ரோசம்மாதான்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கூடைக்கு முன்னால வந்து நின்னுட்டுப் போனாரே ஒரு அண்ணன், அவரு யாரு டீச்சர்? பாவமா இருந்திச்சு. அவருக்கும் தனியா ஒரு கத எழுதுங்களேன்" என்றாள்.

நான் மேசைக்கு அடியில் கிடந்த பெட்டியைத் திறந்தேன். நானாவிடம் விற்காமல் கிடந்த 'சிகரன்' நாற்பது பிரதி அதில் இருந்தது. "எழுதியாச்சும்மா. எங்க அண்ணன் எழுதியிருக்காரு" என்று அவள் கையில் ஒன்றைக் கொடுத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாற்பதும் கால் மணி நேரத்தில் போய்விட்டது. வாங்கிய எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இதுல ரோசம்மா வருவாங்களா?"

வருவார், கொஞ்ச நேரம் வருவார் என்று சொல்லித்தான் விற்றேன்.

அன்புடன்,
டிலுக்ஷி